அசனத் தார்ப்பாய்

பூவரச மரக்கிளை பள்ளிக்கூடத்துக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே தலை நீட்டியிருந்ததை வாத்தியாரம்மா ஜெபகனி வெளியே நின்று பார்க்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய், தினமும் செய்வதுபோல முந்தானையால் மேசையைத் துடைக்கப் போனாள். மேசைமேல் ஒரு மஞ்சள் பூ கிடந்தது. இது எங்கிருந்து வந்தது என்று அண்ணாந்தாள். வானம் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஐப்பசி மாதம். முந்தின நாள் அடித்த காற்றில் கிருபாபுரத்தில் நாலைந்து வாழைத்தோட்டம் படுத்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர் அது. நடுவில் வேதக்கோயில். கோயிலுக்கு மேற்கே மிஷனைச் சேர்ந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம்: ஒரே அறை, மண்சுவர், பனங்கைச் சட்டத்தின்மேல் நாட்டோடு. தெருப்பக்கத்துச் சரிவில், முகட்டை ஒட்டினாற்போல, ஒரு கட்டில் அகலத்துக்கு ஓடு போயிருந்தது. இரண்டு பனங்கைகள் முறிந்து தொங்கின.

சிலேட்டுப் பலகையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் வந்து நின்று, கூரையில் இருந்த ஓட்டையை வாய் பிளந்து பார்த்தார்கள்.

"யம்மா, மேல சன்னல் வச்சிருக்கு" என்றாள் பேச்சி. நடவுக்குப் போகும் மாரிக்கண்ணுவின் மகள், ஒன்பது வயது.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெபகனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஓட்டையைப்பற்றிக் கவலை இல்லை. இந்தப் பதினோரு பேரைப்பற்றித்தான் கவலை. பிசான நெல் நடவு தொடங்கிவிட்டது. ஊரில் நடமாடத் தெரிந்த பெண்பிள்ளை எல்லாம் வயலில் ஓர் ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதத்தில் அம்மை வந்தது என்று பத்து நாள் பள்ளிக்கூடத்தைச் சாத்தினாள். சாத்தும்போது பத்தொன்பது பேர் இருந்தார்கள். திறந்தபோது எட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்களை வயல் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சும்மா இருக்கிற பிள்ளையை நாற்று முடி சுமக்கக் கூப்பிடுவார்கள். சுமந்த பிள்ளை மறுநாள் நடும். நட்ட பிள்ளை அப்புறம் களை எடுக்கும். அதற்குள் அகரம் மறந்துபோகும். அந்த எட்டுப் பேரோடு இன்னும் மூன்று பேரைச் சேர்க்க, வீடு வீடாக ஏறி இறங்கி, அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அதனால் அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தைச் சாத்தவில்லை. கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, நனையாத மூலையில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்துப் பாடம் சொன்னாள்.

ஓடு போடுகிற வேளார் சிவசைலத்திடம் ஆள் அனுப்பினாள். அவரே வந்து பார்த்தார். "ஓடு இல்லையே தாயி. இந்த ஈரத்துல சூளை எப்படி எரியும்? தை பொறக்கட்டும், புத்தம் புது ஓடாப் போட்டுத் தாரேன்" என்றார்.

"தை வரைக்கும் நான் என்ன செய்ய?"

"அதையும் எங்கிட்டயா கேக்கிய?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோயில் பெருக்குகிற இன்பமணி, தன் வீட்டுக்காரனைக் கொண்டு நாலு கட்டுப் பனையோலையை ஓட்டைமேல் போட்டுப் பார்த்தாள். ஓலைக்கூரை என்றால் சரிவு செங்குத்தாக இருக்கவேண்டும். ஓட்டுக்கூரையின் சரிவில் ஓலை நிற்காது. சாயங்காலக் காற்றில் நாலு கட்டும் வாழைத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்போதுதான் ஜெபகனிக்குச் சபையின் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது.

வருஷத்தில் ஒரு நாள், சித்திரையில், கிருபாபுரம் சபையார் எல்லாரும் கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு உண்பார்கள். அதற்கு அசனம் என்று பெயர். இரண்டு அசனத்துக்கு முன்னால் கோடை மழை வந்து, ஆக்கின சோறெல்லாம் நனைந்துவிட்டது. அந்த வருஷமே கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஞானசிகாமணி அண்ணாச்சி தூத்துக்குடிக்குப் போய், கப்பல் சாமான் ஏலத்தில் ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்தார். கெட்டிக் கித்தான், இரண்டு பக்கமும் தார் பூசியது, பதினெட்டு முழ நீளம், பத்து முழ அகலம். வண்டி மழையில் சிக்கி நின்றுபோன இடத்திலிருந்து ஒரு மைல் தூரம் அதைத் தன் தலையிலேயே சுமந்து வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் சொல்வார். வந்ததும் வெள்ளைச் சாயம் வாங்கி, தன் கையாலேயே அதில் எழுதினார். மேலே பெரிதாக 'தோத்திரம்'. கீழே 'கிருபாபுரம் சபை அசனம்'. எழுத்து ஒவ்வொன்றும் முழங்கை உயரம். நல்ல எழுத்துத்தான், ஜெபகனியே அப்படி எழுதமாட்டாள்.

அவள் உபதேசியார் அப்பாத்துரையிடம் போனாள். கோயிலில் ஜெபம் நடத்துவதும் சபைக் காரியங்களைப் பார்ப்பதும் அவர்தான். நல்ல மனுஷர். எதையும் இல்லை என்று சொல்லமாட்டார், ஆமென்றும் சொல்லமாட்டார்.

"தார்ப்பாயா? அது அசனத்துக்குள்ளதுல்லா?"

"அசனம் சித்திரையிலதான உபதேசியார் ஐயா? அதுவரைக்கும் பெட்டிக்குள்ள சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்குன்னு சொல்லாதிய. பத்திரமா கெடக்கு."

"நானும் பத்திரமாத் திருப்பித் தாரேன்."

"நீங்க தருவிய. எனக்குத் தெரியாதா? ஆனா கமிட்டி கூடிச் சொல்லணும். மிஷன் ஐயர் உத்தரவு இல்லாம கமிட்டி கூடுறதில்ல. ஐயர் ஊர் ஊராச் சர்க்கீட்டு போயிருக்காவ. ஒரு மனு எழுதிக் குடுங்க, நான் அனுப்புதேன்."

மனு எழுதினாள். மகாகனம் பொருந்திய ஐயரவர்கள் சமுகத்துக்கு என்று தொடங்கி, ஓட்டையின் நீள அகலம் முதல் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வார்த்தை எதற்கு? பெட்டியைத் திறந்து பாயை எடுத்துக்கொண்டு போ என்று ஒருவர் சொன்னால் போதுமே. பிறகு, தானும் இருபது வருஷமாக இப்படித்தான் காரியம் செய்து வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.

பதில் வர எட்டு நாள் ஆயிற்று.

அந்த எட்டு நாளும் அவளும் பிள்ளைகளும் மழையோடு சதுரங்கம் ஆடினார்கள். சாரல் கிழக்கே விழுந்தால் மேற்கு மூலைக்குப் போவார்கள். காற்று திரும்பினால் பலகையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடுவார்கள். கீழே விழுந்த தண்ணீர் சாணித்தரையைக் குழப்பி, அறைக்கு நடுவே ஒரு தெப்பக்குளம் உண்டாக்கியிருந்தது. மூன்றாம் நாள் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. நெசவுத்தெருப் பிள்ளைகள். போய்க் கேட்டாள். "பள்ளிக்கூடம் இடிஞ்சுபோச்சுன்னுல்லா சொன்னாவ" என்றார்கள். ஐந்தாம் நாள் இன்னும் ஒருத்தி நின்றுவிட்டாள். ஏழாம் நாள் மாலை ஜெபகனி உபதேசியாரைக் கோயில் வாசலில் மறித்தாள்.

"பதில் வந்துச்சா?"

"பொறுமையா இருங்க தங்கச்சி."

"நான் பொறுமையாத்தான் இருக்கேன். மழைதான் பொறுக்க மாட்டேங்கு."

உபதேசியார் சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது. தான் சொன்னதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும்படிதானே தானும் சொன்னோம் என்று வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் உத்தரவு வந்தது. பத்து மணிக்கு ஞானசிகாமணி அண்ணாச்சி இடுப்புச் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்தார். கோயில் முற்றத்து மணலில் தார்ப்பாயை விரித்தபோது, தார் வாடை தெருவெல்லாம் அடித்தது. உபதேசியார் ஜெபம் செய்தார். கூரையில் ஏற இரண்டு ஆட்கள் நின்றார்கள். எட்டுப் பிள்ளைகளும் சுவரோரமாக நின்று, வெள்ளை எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்கள். தோ, த், தி, ர, ம்.

அண்ணாச்சி கீழே நின்று நாலு கட்டளை போட்டார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. எழுத்து தெருவப் பாத்து இருக்கணும். தலைகீழா இருந்திரப்படாது. எழுத்து மேல கால் படப்படாது. ஆணி, கயிறு, கல்லு, ஒண்ணும் எழுத்து மேல விழப்படாது. விளங்குதா?"

"விளங்குது அண்ணாச்சி."

ஜெபகனிக்கும் விளங்கியது. வேறு விதமாக விளங்கியது.

ஓட்டை முகட்டை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் பாயை முகட்டுக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கச் சரிவிலும் பாதி தொங்கவிடவேண்டும். அப்போதுதான் முகட்டில் விழுகிற தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தோடும். ஆனால் பாதியை அந்தப் பக்கம் விட்டால், மேல்வரி பின்புறத்து வாழைத்தோட்டத்தைப் பார்க்கும். தெருவில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் பாயைக் கீழே கீழே இழுத்தார்கள். இரண்டு வரியும் தெருவுக்கு முழுசாகத் தெரிந்தபோது, பாயின் மேல்விளிம்பு முகட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அந்த ஒரு சாண் வழியாக வருகிற தண்ணீர் அத்தனையும் பாய்க்கு அடியில் நுழைந்து நேரே ஓட்டைக்குள் போகும். எழுத்து இருக்கிற நடுப்பாகத்தில் ஒரு கட்டும் இல்லை. முறிந்த பனங்கைகளுக்கு மேலே பாய் இப்போதே தொட்டிலைப்போலத் தொய்ந்து கிடந்தது.

இது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் புருஷன் தானியேல் உப்பு வண்டிக்காரன். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து தச்சநல்லூர் வரைக்கும் இரட்டை மாட்டு வண்டியில் உப்புக் கொண்டுபோவான். பதினாறு வயதில் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். பிள்ளை இல்லாத வீடு என்பதால் மழைக்காலத்தில் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொள்வான். மூடுகித்தானின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உப்புக்கு மேலே கித்தானைப் பரத்தினால் போதாது, நடுவில் கூம்பலாக இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் சமமாக வழியவேண்டும், விளிம்பை மூங்கிலில் சுருட்டி வண்டிச்சட்டத்தோடு இறுக்கவேண்டும். மூன்று மழைக்காலம் இதைச் செய்தாள். நாலாம் வருஷம் வாந்திபேதி கண்டு, வழியிலேயே தானியேல் போய்விட்டான். பத்தொன்பது வயது விதவையைப் பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்போதிருந்த ஐயருடைய சம்சாரம். எழுத்துக் கூட்டவே தெரியாதவள் ஐந்து வருஷத்தில் உபாத்தியாயினி ஆனாள்.

அவளைக் கிருபாபுரத்துக்கு அனுப்பியபோது கமிட்டியில் யாரோ ஒருவர், "வண்டிக்காரன் பெண்டாட்டியா நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போறா?" என்று கேட்டாராம். யார் கேட்டது என்று அவள் விசாரிக்கவில்லை. அன்றுமுதல் பதினைந்து வருஷமாக அவள் வாயிலிருந்து வண்டி, மாடு, உப்பு என்ற பேச்சே வந்ததில்லை. ஊரிலும் மறந்துவிட்டார்கள். மறக்கவைத்தது தன் சாமர்த்தியம் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, முகட்டுக்கு மேல..."

"என்ன?"

"இல்ல, முகட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் போச்சுன்னா நல்லா இருக்குமோன்னு."

"அந்தப் பக்கம் போனா தோத்திரம் வாழைத்தோட்டத்தப் பாத்துல்லா இருக்கும்? குரங்கா வாசிக்கப்போவுது?"

கூரைமேல் இருந்த இரண்டு ஆட்களும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நீ பாடம் சொல்லிக் குடு பிள்ள. அதுல நான் தலையிட்டேனா? தார்ப்பாயப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது. அண்ணாச்சியே கேட்டுவிட்டார். எட்டுப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜெபகனி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

மழை அன்று மத்தியானமே வந்தது. முதலில் ஓட்டையின் மேல்விளிம்பில் ஒரு நூல்போலத் தண்ணீர் இறங்கியது. பிறகு அந்த நூல் கயிறாயிற்று. பேச்சி, "யம்மா, பாய்க்கு வயிறு வைக்கி" என்று கத்தினாள். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, தார்ப்பாய் கர்ப்பிணி வயிற்றைப்போல ஓட்டை வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. "எல்லாரும் சுவரோரமாப் போங்க, போங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், பாய் ஒரு பக்கமாகச் சரிந்து, மேலே வைத்திருந்த கல் இரண்டு உருண்டு, பத்துக் குடம் தண்ணீரும் உடைந்த ஓடுமாக அறை நடுவில் கொட்டியது. யாருக்கும் அடிபடவில்லை. சிறுபிள்ளைகள் இரண்டு பேர் வீரிட்டு அழுதார்கள். மற்றவர்கள் தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார்கள்.

சத்தம் கேட்டு வயலிலிருந்து மாரிக்கண்ணு ஓடிவந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் பாதி நாற்று முடி. மகளை ஒரு பார்வை, கூரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏட்டி, வா வீட்டுக்கு."

"மாரிக்கண்ணு, நாளைக்கே சரி பண்ணிருவேன். ஒரு நாள் பொறு" என்றாள் ஜெபகனி.

"இங்கன உக்காந்து நனையுறதுக்கு வயல்ல நின்னு நனைஞ்சா கூலியாவது கிடைக்கும் வாத்தியாரம்மா. நீங்களே சொல்லுங்க, நான் பேசுறது தப்பா?"

பேச்சி தன் சிலேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் போனாள். அவள் பின்னாலேயே வயல்வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் போனார்கள். நாலு பேர் மிஞ்சினார்கள்.

அன்று வீட்டில் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கோபம் யார்மேல் என்பதுதான் பிடிபடவில்லை. அண்ணாச்சிமேல் என்றால், அவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் செய்தார். உபதேசியார்மேல் என்றால், அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். தெரிந்தவள் ஒருத்திதான் அங்கே நின்றாள், அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறாள் அவள்? தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத்தானே இந்தச் சிலேட்டும் பலகையும்?

மறுநாள் விடிந்ததும் இன்பமணியைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னாள்.

"யாரு ஏறப்போறா?" என்றாள் இன்பமணி.

"நான்தான்."

"ஐயோ, நீங்களா? எங்க வீட்டுக்காரரக் கூப்பிடுதேன் மதினி."

"அவரு எழுத்த மிதிக்கப் பயப்படுவாரு. நீ ஏணியப் பிடி."

சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். இருபது வருஷமாக ஏறாத உடம்பு. ஓட்டின்மேல் கையை ஊன்றித் தவழ்ந்து போனாள். கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே உருட்டினாள். இன்பமணி பின்புறம் போய்க் கயிற்றை இழுக்க, இவள் பாயை முகட்டுக்கு மேலே தள்ளினாள். ஈரத் தார்ப்பாய் பிணம் கனம் கனத்தது. உட்கார்ந்து, முழங்காலை ஊன்றி, அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். முறிந்த பனங்கைகளுக்குப் பதிலாக ஓட்டைக்குக் குறுக்கே மூன்று மூங்கிலைக் கிடத்தினாள், பாய் தொய்யாமல் இருக்க. இரண்டு பக்க விளிம்பையும் மூங்கிலில் சுருட்டி, கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்தில் நீண்டிருந்த பனங்கை நுனிகளோடு இழுத்துக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது கை தானாகப் போட்டது. அவள் யோசிக்கவே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி முடிச்சுப் போடும்போது கீழே குடை ஒன்று வந்து நின்றது.

"அடிப் பாவி, என்ன காரியம் பண்ணுத? எறங்கு கீழ. எங்க தோத்திரம்?"

"அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி."

"எழுத்து மேலயா முழங்கால வச்சிருக்க? சபைன்னு எழுதியிருக்கு, அது மேலயா?"

ஜெபகனி குனிந்து பார்த்தாள். ஆமாம், 'ச'வின்மேல்தான் இருந்தது. முழங்காலை எடுத்தாள். எடுத்தபின் எங்கே வைப்பது என்று தெரியாமல், மறுபடியும் அங்கேயே வைத்தாள்.

"எழுத்துப் படிக்க வந்த பிள்ளைகள்ல ஏழு பேரு நின்னுபோயாச்சு அண்ணாச்சி. அந்த எழுத்துக்கு யாரும் சண்டைக்கு வரலியே."

"எனக்கே பாடமா? ஆம்பளை ரெண்டு பேரு கட்டுனது சரியில்லன்னு நீ பிரிச்சுக் கட்டுதியோ? தார்ப்பாயக் கட்ட உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் ஜெபகனி. "உப்பு வண்டி ஓட்டுனாரு. நானும் கூடப் போயிருக்கேன். மூணு மழைக்கு ஒரு மரக்கால் உப்பு கரைய விட்டதில்ல."

குடை பின்னுக்குச் சாய்ந்து, அண்ணாச்சியின் முகம் மேலே பார்த்தது.

"அப்ப நேத்து நான் கேக்கும்போது வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அண்ணாச்சி சொன்னதிலேயே நியாயமான பேச்சு இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் அதோடு விடவில்லை. "நான் ஐயருக்கு எழுதுதேன். எழுதாம விடமாட்டேன்."

"எழுதுங்க. பதில் வர எட்டு நாளாவும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் காலை வைத்தாள்.

அன்றும் மறுநாளும் விடாமல் மழை பெய்தது. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. காய்ந்த தரையில், நாலு பிள்ளைகளுக்கு நடுவில், ஜெபகனி வாய்பாடு சொல்லிக்கொடுத்தாள். பதினோரு பேர் சொல்லும்போது கூரை அதிரும். நாலு பேர் குரல் மழைச் சத்தத்தில் கேட்கவே இல்லை. இந்த நாலு பேருக்காகவா ஏறினோம் என்று நினைத்தாள். நாலு பேர் போதாதா என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வரப்போடு நடந்து வயலுக்குப் போனாள். வாழைத்தோட்டத்துக்கு அடுத்த வயல்தான். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளாகப் பேச்சி. மற்றவர்கள் ஓர் அடி பின்வாங்கும்போது, அவள் சேற்றில் காலைப் பிடுங்கவே பாடுபட்டாள்.

"மாரிக்கண்ணு, கூரையச் சரி பண்ணிட்டேன். ஒழுகல. வந்து பாரு."

"பாத்தோமே, நீங்க மேல ஏறி நின்னத ஊரே பாத்துச்சு." வரிசை முழுதும் சிரிப்பு ஓடியது. மாரிக்கண்ணு நிமிரவில்லை. "நடவு முடியட்டும். அனுப்பி வைக்கேன்."

"போன தடவையும் இப்படித்தான் பதினோரு வீட்டுல சொன்னாவ. ஒரு பிள்ளையும் வரல. அவ நடவேண்டிய வரிசைய நான் நடுதேன். அவள அனுப்பு."

"உங்களுக்கு நடத் தெரியுமா?"

"தெரியாது."

மாரிக்கண்ணு இப்போது நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முதுகை நெளித்தாள். "தெரியாதவங்க நட்டா, அதப் பிடுங்கி நாங்க மறுபடியும் நடணும். ஒரு ஆளு கூலி எனக்கு வேணும் வாத்தியாரம்மா. கொழுப்பெடுத்தா பிள்ளைய எறக்கி விட்டிருக்கேன்? அவளுக்குக் கீழ மூணு கெடக்கு."

ஜெபகனி வரப்பிலேயே நின்றாள். நிற்க நிற்கச் செருப்பில்லாத கால் சேற்றில் புதைந்தது. நாற்று முடி ஒன்று அவள் காலருகே வந்து விழுந்தது.

"கஞ்சி எப்பக் குடிப்பிய?" என்று ஜெபகனி கேட்டாள்.

"உச்சிப்பொழுதுக்கு. ஏன்?"

"குடிச்சு, வெத்தலை போட்டு, கொஞ்சம் சாய்ஞ்சு எந்திரிக்க எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு நாழிகை. ரெண்டுன்னே வச்சிக்கிடுங்க."

"அந்த ரெண்டு நாழிகைய எனக்குக் குடு. தோட்டத்தத் தாண்டுனாப் பள்ளிக்கூடம். நீங்க எறங்குதப்ப ஒரு சத்தம் குடுத்தா, நானே கொண்டு வந்து விடுதேன்."

மாரிக்கண்ணு பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் தோளைக் குலுக்கினாள். "கஞ்சி குடிச்சிட்டுத்தான் வருவா. வெறும் வயித்துல அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாரிக்கண்ணு மறுபடியும் குனிந்தாள்.

மறுநாள் உச்சியில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது பிள்ளை வரவில்லை. நெசவுத்தெருப் பிள்ளைகளும் வரவில்லை. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள், காலெல்லாம் சேறு என்று. "பரவாயில்ல, வாங்க" என்றாள் ஜெபகனி. காலையில் மெழுகின தரையில் சின்னச் சின்னச் சேற்றுப் பாதங்கள் விழுந்தன. பேச்சி தன் சிலேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது; பலப்பம் கையில் நிற்கவில்லை. கூரைமேல் மழை விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஜெபகனி கரும்பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டுத் திரும்பியபோது, பேச்சி சிலேட்டின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

எழுப்பலாமா என்று யோசித்தாள். இரண்டு நாழிகையை வாங்கத்தானே வரப்பில் நின்று அப்படிப் பேசினோம். இது பள்ளிக்கூடமா, சத்திரமா? ஐயர் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? பக்கத்துப் பிள்ளை பேச்சியைக் கிள்ளக் கையை நீட்டியது. "வேண்டாம்" என்றாள் ஜெபகனி. மற்ற பிள்ளைகளைப் பையப் பாடம் சொல்லச் சொன்னாள். பிறகு பேர்ப்புத்தகத்தை எடுத்துப் பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியும் 'உள்ளேன் அம்மா' என்றாள். பேச்சியின் பேர் வந்தபோது கூப்பிட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, அடுத்த பேருக்குப் போனாள்.

தோட்டத்துக்கு அப்பாலிருந்து மாரிக்கண்ணுவின் குரல் வந்தது. "ஏட்டி பேச்சி..." ஒரே சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு எழுந்தாள். கன்னத்தில் சிலேட்டுச் சட்டத்தின் கோடு பதிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் விழித்தாள். பிறகு ஓடினாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"யம்மா, எம் பேரக் கூப்பிட்டியளா?"

"கூப்பிட்டேன்."

"நான் உள்ளேன்னு சொன்னனா?"

"சொன்ன" என்றாள் ஜெபகனி.

பேச்சி சந்தேகமாகப் பார்த்தாள். அதற்குள் மறுபடியும் சத்தம் வந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். ஜெபகனி பேர்ப்புத்தகத்தைத் திறந்து, பேச்சியின் பேருக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு, வந்தாள் என்று எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.